மருந்து யாருடைய சொத்து?

நீர்க்கடுப்பைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா என்று நேயர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மகள் தாயிடத்தும், மனைவி கணவனிடத்தும் வாய்விட்டுச் சொல்லக் கூசுகின்ற நோய் அது. சிறுநீர் கழிக்குங்கால் நெருப்புப் பட்டாற்போன்ற எரிச்சல். கழித்த மறுகணமே மீண்டும் முட்டுதல். அடிவயிற்றில் ஓயாத குத்தல். உடற்சூடு என்று அதற்கொரு பெயரிட்டு, இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போகின்றவர்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. பெண்களிற் செம்பாதிப் பேர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது வைத்திய நூலார் கணக்கு. இத்தனை பேரைத் தீண்டும் ஒரு துன்பம் பேசத்தகாததாயின், பேசத்தக்கது பின் யாது? ஆயினும் வைத்தியம் சொல்வது நமது நோக்கமன்று; அதற்கு நமக்குத் தகுதியுமில்லை. நாம் ஒரு தோட்டத்துக் கிராணி. கணக்கெழுதுவது நமது தொழில். இந்நோயின் வழியாக நமக்கு நேர்ந்த ஒரு கணக்கு இன்னும் நேராகவில்லை. அதனையே நேயர்கள் முன் வைக்கின்றோம்.

நடந்தது இது. ஒருமுறை நமக்குத் தொண்டைவலி கண்டது. பட்டணத்திலுள்ள தனியார் கிளினிக் ஒன்றுக்குச் சென்றோம். அங்கே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அமாக்ஸிஸிலின் என்னும் கிருமிக்கொல்லிக் கேப்ஸ்யூல்களை ஒரு வாரத்துக்குக் கட்டிக் கொடுத்தனர். மூன்றாம் நாளே வலி நீங்கிற்று. மிச்சத்தை எறிய மனமில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளன்றோ? ஆபீஸ் மேசையின் இழுப்பறையில், ஸ்டாம்பு மைப்பெட்டிக்குப் பக்கத்தில் அவை கிடந்தன. அதன் பின்னர் வீட்டிலே யாருக்கேனும் வாங்கிய மருந்து மிஞ்சினாலும் அவ்விழுப்பறைக்கே வந்து சேர்ந்தது. தோட்டத்தில் இது மெல்லத் தெரிந்துவிட்டது. பல்வலி என்று ஒருவர், காய்ச்சல் என்று ஒருவர், காலில் முள் தைத்துச் சீழ் வைத்தது என்று ஒருவர் ஆபீஸ் ஜன்னலண்டை வந்து நிற்பர். நாமும் நாலைந்து எண்ணிக் கொடுப்போம். உண்மையைச் சொன்னால் அதிலே நமக்கு ஒரு பெருமையும் இருந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர், மருந்து உறையின்மேல் உள்ளதை வாசிக்கத் தெரிந்தவர் என்ற பெயர் யாருக்குத்தான் கசக்கும்?

உதிரிப் பழம் பொறுக்கும் செட்டிலே வேலை செய்யும் ஓர் அம்மையார், வயது நாற்பதைக் கடந்தவர், ஒருநாள் நமது இல்லாளிடம் வந்து தமக்கு இரண்டு நாளாக நீர்க்கடுப்பு என்று சொல்லி அழுதார். டிரஸ்ஸர் நமது தோட்டத்துக்கு வாரத்தில் இரண்டு நாளே வருவார். அன்று அவர் வரும் நாளன்று. சர்க்கார் கிளினிக்கோ பஸ் ஏறிப் போகவேண்டிய தூரத்தில் உள்ளது. அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் போய்வர ஒருநாட் கூலி போய்விடும். நோயுற்ற நாளுக்கும் சம்பளம் உண்டென்று 1955-ம் ஆண்டின் வேலைச் சட்டத்திலே நாம் வாசித்திருக்கின்றோம். அவ்வம்மையாரோ காண்ட்ராக்டரின் கீழ் எடைக்குக் கூலி வாங்குகின்றவர். அக்காண்ட்ராக்டரின் புத்தகத்தில் பொறுக்காத பழத்துக்குப் பணமில்லை. மறுநாட் காலை பெரட்டு முடிந்ததும் அவர் ஜன்னலண்டை வந்து, "அம்மா சொன்னாங்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். நாமும் வேறொன்றும் கேளாமல் ஆறு கேப்ஸ்யூல்களைத் தாளில் மடித்துக் கொடுத்தோம். இரண்டே நாளில் குணமாயிற்று என்று கைகூப்பினார்.

மூன்று மாதத்துக்குப் பின் மீண்டும் வந்தார். இம்முறை நம்மிடமிருந்தது சிப்ரோஃப்ளாக்ஸசின். நமது மாமனாருக்கு வாங்கியதில் மிஞ்சியது. அதையும் கொடுத்தோம், அதிலும் குணமாயிற்று. மூன்றாம் முறை நோய் மாத்திரைக்கு அடங்கவில்லை. நான்காம் நாள் இரவு குளிர்காய்ச்சலும், வாந்தியும், விலாவின் பின்புறத்தில் தாங்கொணா வலியும் கண்டு, தோட்டத்து வேனில் ஏற்றி ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிருமி சிறுநீர்ப் பையைக் கடந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதாம். சிறுநீரை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பரிசோதித்ததில், வாயால் உட்கொள்ளும் மருந்துகளிற் பெரும்பாலானவைக்கு அடங்காத கிருமி அது என்று தெரிந்தது. ஒன்பது நாட்கள் ஊசி மருந்து ஏற்றினர். பிழைத்துக்கொண்டார்.

நாம் பார்க்கச் சென்றிருந்த வேளையில், இளவயதினரான ஒரு பெண் டாக்டர் வந்து, "இதற்கு முன்பு யாராவது மாத்திரை கொடுத்தார்களா, அம்மா?" என்று கேட்டார். நாம் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தோம். அவ்வம்மையார் நம்மை நோக்கவுமில்லை. "யாரும் குடுக்கலீங்க. கடையிலே நானே வாங்கித் தின்னேன்" என்றார். நமக்காகச் சொன்ன பொய். பின்பு வராந்தாவில் டாக்டரைத் தனியே கண்டு உள்ளதைச் சொன்னோம். அவர் சினக்கவில்லை. உங்கள் மாத்திரையால்தான் இப்படி நேர்ந்தது என்று சொல்லவும் இயலாது, இல்லை என்று சொல்லவும் இயலாது என்று கூறிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் நம்மைத் திட்டியிருந்தால் ஒருவாறு ஆறுதலாக இருந்திருக்கும்.

நிற்க. சொல்லவும் இயலாது, இல்லையென்னவும் இயலாது என்பது எப்படி? இதை அறிய வேண்டிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தோம். வாசித்ததில் முதலாவது வியப்பு, இக்கிருமி எங்கிருந்தோ வந்த பகைவன் அன்று என்பதே. 1885-ம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்னும் குழந்தை வைத்தியர், பச்சைக் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து இதனைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே இன்று எஷரிக்கியா கோலை என்று வழங்கப்படுகின்றது. உங்கள் குடலிலும் நமது குடலிலும், துரை குடலிலும் கங்காணி குடலிலும் ஜாதிபேதம் பாராமல் குடியிருக்கின்றது. குடலில் இருக்குமளவும் தீங்கில்லை. அங்கிருந்து சிறிது தூரம் நகர்ந்து சிறுநீர்ப் பாதையில் ஏறினால் நோய். பெண்களுக்கு அப்பாதை நான்கு சென்டிமீட்டர் அளவே நீளமுடையதாகலின் அவர்களையே பெரிதும் தாக்குகின்றது. ஆஸ்பத்திரியில் ஒட்டாமல், ஊரிலே வீட்டிலே இருக்கும்போது வரும் நீர்க்கடுப்பில் ஏறக்குறைய முக்காற் பங்குக்கு இக்கிருமியே காரணம். ஆதலின் ஒழுக்கக்கேட்டால் வருவதென்றும், அசுத்தமானவர்க்கே வருவதென்றும் சிலர் பேசித் திரிவது வீண் பழியாகும்.

இரண்டாவது வியப்பு, இக்கிருமி மருந்தை எதிர்க்கக் கற்ற காலம். பெனிசிலினை 1928-ல் பிளெமிங் கண்டார். ஆக்ஸ்போர்டில் அதனை நோயாளிக்கு ஊசியாகச் செலுத்தியது 1941-ல். அதற்கு முந்திய ஆண்டாகிய 1940-லேயே ஏப்ரஹாம், செயின் என்னும் இருவர், பெனிசிலினைச் சிதைக்கும் ஒரு பொருளை இதே குடற்கிருமியில் இருப்பதாகக் கண்டு வெளியிட்டனர். மருந்து கடைக்கு வருமுன்னரே மாற்று மருந்து கிருமியின் கையில் இருந்தது! கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டுக்கு இத்தகைய ஆற்றல் தற்செயலாக அமைகின்றது. மருந்து வந்து மற்றவற்றையெல்லாம் மாய்க்க, அவை மட்டும் மிஞ்சி, காலியான இடத்தில் பெருகுகின்றன. ஏற்ற சூழலில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் இனம் அது. மருந்து கிருமிக்கு எதிர்ப்பைக் கற்பிப்பதில்லை. எதிர்ப்புடையதைப் பொறுக்கி எடுத்து வளர்க்கின்றது. நெற்களத்திலே பதரை விட்டு மணியைப் பொறுக்குவது போல் அல்லாமல், மணியைத் தூற்றிவிட்டுப் பதரைச் சேர்ப்பது போலாம்.

அவ்வாற்றல் ஒரு கிருமியின் சந்ததியோடு நிற்பதுமில்லை. 1959-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், மருந்தெதிர்க்கும் குணம் ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்கும் தாவுவதைக் காட்டினர். சீதபேதிக் கிருமியும் நமது குடற்கிருமியும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் சோறு மாற்றிக்கொள்வது போல அதனை மாற்றிக்கொள்கின்றன. 1965-ல் ஏதென்ஸ் நகரத்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியில் ஒருவகை எதிர்ப்புப் பொருளைக் கண்டனர். அந்நோயாளியின் பெயரெழுத்துக்களே அதற்குப் பெயராயின. இன்று அது உலகெங்கும் குடற்கிருமிகளில் மிகப் பரவலாகக் காணப்படுகின்றது. 2008-ல், பல மருந்துகட்கு ஒருங்கே அடங்காத ஒரே கிளைக் கிருமி பல கண்டங்களில் பரவியிருப்பது வெளியாயிற்று. 2019-ம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்க்கும் கிருமிகளால் நேர்ந்த மரணம் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று 2022-ல் வெளியான ஓர் உலகக் கணக்கு மதிப்பிடுகின்றது. அம்மரணப் பட்டியலில் முதல் வரிசையில் நிற்பது நாம் மேலே சொன்ன குடற்கிருமியே.

இனி நமது ஆறு கேப்ஸ்யூல்களுக்கு வருவோம். முதன்முறை அவ்வம்மையார் நமது மருந்தால் குணமானாரா? ஊரிலுள்ள குடற்கிருமிகளிற் பெரும்பகுதி அமாக்ஸிஸிலினுக்கு அடங்காதவை ஆகிவிட்டன. மருந்தே இல்லாமலும் பலருக்கு நீர்க்கடுப்பு தானே தணிகின்றது. எனவே மந்திரித்த கயிறு கட்டிக் காய்ச்சல் போயிற்று என்பவனுக்கும், மாத்திரை கொடுத்துக் குணமாயிற்று என்று நிமிர்ந்த நமக்கும் வேறுபாடு அதிகமில்லை. கயிற்றால் கெடுதி இல்லை என்பது ஒன்றே வேறுபாடு. நமது கேப்ஸ்யூல் நோய்க்கிருமியைக் கொன்றதோ இல்லையோ, குடலுக்குள் இறங்கியது நிச்சயம். அங்கே பொறுக்குகின்ற வேலையைச் செய்ததும் பெரும்பாலும் நிச்சயம். பிறகு சிப்ரோஃப்ளாக்ஸசின் வேறொன்றைப் பொறுக்கியது. ஆனால் அவ்வம்மையாரின் குடலில் அடங்காக் கிருமி முன்பே இருந்திருக்கலாம். உணவிலோ நீரிலோ அடுத்தவர் கையிலோ வந்திருக்கலாம். நமது பங்கு இவ்வளவு என்று எடைபோட எந்தத் தராசும் இல்லை. ஈண்டுத்தான் நாம் எழுத வந்த வினா பிறக்கின்றது. எடைபோட முடியாத குற்றம் குற்றமாகுமா?

நமது பழைய அறநூல்களும் சரி, பள்ளியில் நாம் படித்த மேனாட்டு நூல்களும் சரி, குற்றம் என்றால் ஒருவன் ஒருவனுக்குச் செய்வது என்றே பெரும்பாலும் பேசுகின்றன. திருடினவனும் உண்டு, பறிகொடுத்தவனும் உண்டு. இங்கோ செய்தவன் இரக்கத்தால் செய்தான். பெற்றவள் நன்றி சொன்னாள். கெட்டவர் யாரென்றால், இன்னும் பிறவாத ஒரு குழந்தையாக இருக்கலாம். எல்லோரும் இவ்வாறே செய்யத் தொடங்கினால் என்னாகும் என்று கேட்டுப் பார் என்பது காண்ட் என்னும் ஜெர்மானிய ஞானியின் உரைகல். அதில் உரைத்தால் நமது இழுப்பறை தோற்றுப்போகின்றது. ஆனால் நோவோடு நிற்பவளைக் கண்டும் கையை மடக்கிக்கொள் என்பதை அதே கல்லில் உரைத்தால் அதுவும் தோற்கின்றது. கல் இரண்டையும் தள்ளிவிட்டுப் பேசாமல் இருக்கின்றது.

ரப்பர் மரத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து காட்டினார். இந்நாட்டின் ரப்பர்த் தொழிலே அதன்மேல் எழுந்தது. அம்முறையின் உயிர்நாடி, கத்தி தொடக்கூடாத ஒரு மெல்லிய படலம் உள்ளே உண்டு என்பதே. அதைத் தொடாமல் சீவினால் பட்டை மீண்டும் வளரும். சில ஆண்டு கழித்து அங்கேயே மறுபடி வெட்டலாம். சற்று ஆழமாக இறக்கினால் அன்றைக்குப் பால் கூடும். காயம் பட்ட இடமோ முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னால் கத்தி நுழையாது. ஆழ வெட்டினவன் அன்று வாளி நிறையக் கொண்டுபோய்ப் பேர் வாங்குகின்றான். முண்டுப் பட்டையில் கத்தியை வைத்துக்கொண்டு திண்டாடுபவன் அவனல்லன். பின்னொரு காலத்தில் அந்நிரைக்கு வருகின்ற வேறொருவன். அவனுக்கு முன்னவன் பெயர்கூடத் தெரியாது. ஆனால் ஆழ வெட்டினது குற்றமில்லை என்று எந்தத் தோட்டத்திலாவது யாராவது சொன்னதுண்டா? ஒரு மரத்திலே ஒருநாள் பட்ட காயம் கம்பெனியின் கணக்கிலே தெரியாத அளவு சிறிது. ஆயினும் கங்காணி வந்து மரத்தைத் தடவிப் பார்த்துத் திட்டத்தான் செய்வார்.

அந்த வகையில் நமது தீர்ப்பு இதுவே: எடைபோட முடியாமை குற்றத்தை அழித்துவிடாது. மருந்து உறையிலே நமது பெயர் எழுதியிருந்தது. பணம் நாமே கொடுத்தோம். ஆயினும் அம்மருந்தின் வீரியம் நாம் வாங்கிய பொருளன்று. தலைமுறை தலைமுறையாக எல்லோருக்கும் பொதுவில் கிடப்பது அது. ஒவ்வொரு கேப்ஸ்யூலும் அதிலிருந்து ஒரு துளி எடுத்துச் செலவிடுகின்றது. அவசியத்துக்குச் செலவிடுவது முறை. நமது தொண்டைவலிக்குச் செலவிட்டது முறையன்று. தொண்டைவலிகளிற் பெரும்பாலானவை இம்மருந்துக்கு அடங்காத வைரஸ் என்னும் வேறு நுண்பொருளால் வருவன. சுருங்கச் சொன்னால், தேவையில்லாதபோது கொடுக்கப்பட்டு, மிஞ்சி, தவறான நோய்க்குத் தவறான அளவில் போய்ச் சேர்ந்தது நமது தருமம்.

இவ்விடத்தில் ஒரு பழைய உபதேசத்தையும் தொட்டுக்காட்ட வேண்டும். "பாதியிலே நிறுத்தாதே, முழுதும் தின்று முடி, இல்லாவிட்டால் கிருமி முரண்டும்" என்று நாமே பலரைக் கண்டித்திருக்கின்றோம். 1945-ல் நோபல் பரிசுச் சொற்பொழிவில் பிளெமிங் இப்பொருளில் ஒரு கதை சொன்னார். ஒருவர் தொண்டைவலிக்குத் தாமே பெனிசிலின் வாங்கிக் குறைவாகத் தின்கின்றார், கிருமி முரண்டிவிடுகின்றது, அவர் மனைவிக்குத் தொற்றி, மருந்து பலிக்காமல் அவள் இறக்கின்றாள். அச்சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார் பிளெமிங். இதை வாசித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. ஆனால் காலம் அக்கதையை ஓரளவு திருத்திவிட்டது. அவர் சொன்ன தொண்டைவலிக் கிருமி இன்றளவும் பெனிசிலினுக்கு அடங்கியே நடக்கின்றது. முரண்டியவை வேறு கிருமிகள். நோய்க்கிருமியை விட, அதே மருந்தில் நனைகின்ற குடற்கிருமிகளிடத்தேதான் பெருந் தீங்கு விளைகின்றது. ஆதலின் மருந்து உடலில் நீடிக்கும் நாட்கள் கூடக்கூடப் பொறுக்குதலும் கூடும் என்று 2017-ல் பிரிட்டிஷ் டாக்டர்கள் சிலர் எழுதினர். சாதாரண நீர்க்கடுப்புக்கு இன்று மூன்று நாள், ஐந்து நாள் மருந்தே போதும் என்கின்றனர். ஒரே வேளையில் முடிகின்ற மருந்தும் உண்டு. டாக்டர் குறித்த நாளளவும் உண்பது சரி. அவரைக் கேளாமல் நடுவில் நிறுத்தச் சொல்கின்றோம் என்று யாரும் கொள்ளவேண்டா. ஆயினும் மிச்சம் வைத்த கூலிக்காரனே உலகைக் கெடுத்தான் என்னும் பேச்சு இனிச் செல்லாது. அது நமக்கு வசதியான பேச்சாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம்.

இதே போன்ற இன்னொரு வீண் செலவும் உண்டு. இனிப்பு நீர் உள்ளவர்களும் முதியவர்களும் சிறுநீர் கலங்கலாயிருக்கின்றது, வாடை வீசுகின்றது என்று மாத்திரை கேட்கின்றனர். சிறுநீரில் கிருமி காணப்பட்டாலும், எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதபோது பெரும்பாலோர்க்கு மருந்து வேண்டுவதில்லை; கர்ப்பிணிகள் முதலிய சிலர்க்கே வேண்டும்.

சரி, அவசியம் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? இதுவே கடினமான முடிச்சு. ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனை 2015-ல் வெளியாயிற்று. நீர்க்கடுப்புக் கண்ட 494 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குக் கிருமிக்கொல்லியும், மற்றவர்க்கு வலியைத் தணிக்கும் மருந்து மட்டுமும் கொடுத்தனர். வலிமருந்து மட்டும் உண்டவர்களில் மூன்றில் இரு பங்கினர் கிருமிக்கொல்லி இன்றியே தேறினர். இது நற்செய்தி. ஆனால் அவர்கள் அதிக நாள் எரிச்சலை அனுபவித்தனர். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியவர்கள் அப்பிரிவில் ஐவர், மற்றதில் ஒருவர். முன்பின் அறியாத கோடி மக்களின் பொருட்டு ஒரு பெண் சில நாள் நெருப்பைத் தாங்கவேண்டும், சிறிதளவு ஆபத்தையும் ஏற்கவேண்டும் என்பது இதன் பொருள். கேட்கலாமா? அந்நாட்டில் கேட்டார்கள், இசைந்தவர்களே சேர்ந்தனர், நோய் மிகுந்தால் உடனே மருந்து கிடைக்கும் என்ற உறுதியும் அவர்களுக்கு இருந்தது. தியாகம் என்பது இசைவோடு செய்வது. பஸ்ஸும் விடுமுறையும் இல்லாதவளிடம் போய்ப் பொறுத்திரு என்பது தியாகத்தைக் கேட்பதன்று, அபகரிப்பதாகும்.

மேலும், பொதுச் சொத்தைக் காப்பது எல்லோர் கடமை என்று சொல்லிவிட்டுக் கடமையை எளியவன் தலையில் மட்டும் ஏற்றுவது நமது சமூகத்துக்குப் பழக்கமான காரியம். கோழியும் பன்றியும் கொழுப்பதற்காகத் தீவனத்திலே கிருமிக்கொல்லியைக் கலந்தார்கள். மனிதர்க்குக் கடைசி மருந்தாக வைத்திருந்த கொலிஸ்டினைக் கால்நடைக்குக் கொடுப்பதை மலேசியா 2019-ல்தான் தடுத்தது. 1952-ம் ஆண்டின் நச்சுப்பொருட் சட்டப்படி கிருமிக்கொல்லியை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது. நல்ல சட்டம். ஆனால் தனியார் கிளினிக்கில் சீட்டு எழுதுபவரும் மருந்து விற்பவரும் ஒருவராகவே இருக்கின்றார். வெறுங்கையோடு அனுப்பினால் நோயாளி அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவான். டாக்டரை மட்டும் நோவதிற் பயனில்லை. மாத்திரை இல்லாத வைத்தியத்தை வைத்தியமாகவே மதியாதவர் நாம். மறுபக்கம், மருந்தெதிர்க்கும் கிருமியால் மரண விகிதம் மிகுந்த இடம் மாத்திரை மலிந்த செல்வ நாடுகளல்ல, மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே வேண்டியபோது வேண்டிய மருந்து கிடைப்பதில்லை. சிக்கனம் ஒன்றையே அறமென்று ஓதுபவர் இதனையும் எண்ணவேண்டும்.

நமது குற்றத்தில் இன்னும் ஒரு பாதி சொல்லப்படாமல் இருக்கின்றது. அவ்வம்மையாருக்கு நோய் ஏன் திரும்பத் திரும்ப வந்தது? செம்பனைக் காட்டிலே காலை முதல் வேலை. ஒதுங்க இடமில்லை, ஆண்கள் சுற்றிலும் நடமாடுகின்றனர், பாம்புக்கும் அஞ்சவேண்டும். ஆகவே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கின்றனர், முட்டினாலும் அடக்குகின்றனர். போதிய நீர் குடியுங்கள், அடக்காதீர்கள் என்பதே இந்நோய்க்கு எந்த டாக்டரும் முதலிற் சொல்கின்ற புத்தி. ஒருமுறை, தூக்கிச் செல்லத்தக்க இரண்டு கழிப்பிடங்களைக் காட்டிலே வைப்பதற்கான செலவு மதிப்பீடு நமது கையால் டைப் செய்யப்பட்டது. மேலிடத்துக்குப் போகுமுன் தொகையைக் குறைக்கச் சொன்னார்கள். எதை எடுப்பது என்று நம்மிடமே விட்டனர். நாம் எடுத்தது அந்த வரியை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எப்படியும் வெட்டுவார்கள் என்று நினைத்தோம். ஆபீஸ் வாசலில் ஒரு விளக்கு வைப்பதற்கான வரியை விட்டுவைத்தோம். கேப்ஸ்யூல் கொடுத்த குற்றத்துக்காவது இரக்கம் என்ற போர்வை உண்டு. இதற்கு என்ன உண்டு? ஆனால் ஆஸ்பத்திரியில் நம்மைச் சுட்டது முந்தியதே. இது நினைவுக்கு வரவே பல மாதமாயிற்று. தாம் செய்ததை எண்ணி வருந்துமளவுக்கு, செய்யாமல் விட்டதை எண்ணி மனிதர் வருந்துவதில்லை போலும்.

இழுப்பறையிலிருந்தவற்றையெல்லாம் ஒரு பையில் கட்டி, சர்க்கார் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டோம். அடுத்த ஆண்டின் மதிப்பீட்டில் கழிப்பிட வரியை மீண்டும் எழுதினோம், பதில் வரவில்லை. சென்ற மாதம் அவ்வம்மையாருக்கு நோயின் அறிகுறி மறுபடி தோன்றிற்று. வழக்கம்போல் ஜன்னலண்டை வந்து நின்றார். மாத்திரை இல்லை என்றோம். முகம் வாடிற்று. நமது காரில் இல்லாளோடு அவரை ஏற்றிக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அன்றைய கூலியை நாம் தருவதாகச் சொன்னதற்கு, வேண்டாம் என்று மூன்றுமுறை மறுத்து, நான்காம் முறை வாங்கிக்கொண்டார். சிறுநீரைப் பரிசோதனைக்கு எடுத்து, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்த்து, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தனர். நைட்ரோஃபியூரன்டாயின் என்று உறையில் இருந்தது. 1950-களிலிருந்து வழக்கிலுள்ள பழைய மருந்து. இந்நோய்க்கு இன்றும் பெரும்பாலும் பலிக்கின்றதாம்.

திரும்பி வரும்போது காரின் பின் இருக்கையில் அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து வளைவு வந்ததும், "ஐயா, அப்ப நீங்க குடுத்தீங்களே, அது நல்ல மாத்திரைதானே?" என்று கேட்டார். இல்லாள் நம்மை நோக்கினாள். நாம் பாதையைப் பார்த்துக் காரை ஓட்டினோம்.